மலையில் ஒரு ராத்திரி: வாடகைக் கிட் நம்ம கடற்கரைக்காரர்களுக்குத் தாங்குமா?

கீழக்கரை, மண்டபம், தொண்டி பக்கமிருந்து நாலு நண்பர்கள் சேர்ந்து, முதல்முறையாக மலையேறி ஒரு ராத்திரி தங்கி வரலாம் என்று முடிவெடுத்தால், எல்லாச் சாமானையும் காசு போட்டு வாங்க யாருக்கும் மனசு வராது. மதுரை, கோவை, சென்னைக் கடைகளில் வாடகைக்குத் தரும் ‘ரெண்டு பேர் கிட்’டைத்தான் தேடுவார்கள். ரெண்டு பேர் படுக்கும் டோம் கூடாரம் ஒன்று, உள்ளே புகுந்து படுக்கும் பஞ்சுப்பையான ஸ்லீப்பிங் பேக் ரெண்டு, ஃபோம் பாய் ரெண்டு, 50 அல்லது 60 லிட்டர் முதுகுப்பை, தலையில் மாட்டும் விளக்கான ஹெட்லாம்ப் ஒன்று. சில இடங்களில் சின்ன கேஸ் அடுப்பும் சேர்த்துத் தருகிறார்கள், ஷூவும் கிடைக்கும். கடைக்குக் கடை பிராண்டு மாறினாலும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அந்தக் கிட்டில் எதை நம்பலாம், எதைக் கடையிலேயே விட்டுவிட வேண்டும் என்பதை நம்ம கரையோர ஆட்களின் தேவையை வைத்து இங்கே எழுதுகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கூடாரமும் முதுகுப்பையும் சோதித்துப் பார்த்து வாடகைக்கு எடுக்கலாம். ஸ்லீப்பிங் பேக்கை எடுக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பிப் போகக் கூடாது. ஃபோம் பாய் ஆளுக்கு ஒன்று போதாது, ரெண்டு வேண்டும். ஹெட்லாம்ப் சொந்தமாக வாங்குங்கள். அடுப்பு வேண்டாம். ஷூவை எந்தக் காரணம் கொண்டும் வாடகைக்கு எடுக்காதீர்கள்.

குளிரும் பாயும்

கூடாரத்தை விட்டுவிட்டுப் பாயிலிருந்து தொடங்கக் காரணம் இருக்கிறது. மார்கழி ராத்திரியில்கூட நம்ம கரையில் 22, 23 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். கொடைக்கானல் 2,133 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கணக்குப் போட்டால் 14 டிகிரி போய்விடும், மிஞ்சுவது 8, 9. மேகமில்லாத ராத்திரியில் பள்ளமான புல்வெளியில் அதைவிடக் கீழே இறங்கும். மின்விசிறி இல்லாமல் தூங்கிப் பழகாத உடம்புக்கு இது பெரிய மாற்றம்.

அந்தக் குளிர் மேலிருந்து வருகிறது என்று நினைத்துத்தான் பலரும் போர்வையை அதிகமாக்குகிறார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு நடுங்கி எழ வைப்பது பெரும்பாலும் தரைதான். படுத்ததும் உடம்பின் பாரத்தில் ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கிவிடும். பஞ்சுக்குள் காற்று நின்றால்தான் சூடு நிற்கும், நசுங்கிய பஞ்சில் காற்றுக்கு இடமில்லை. அங்கே வேலை செய்வது பாய் மட்டுமே. கிட்டில் தருவது பெரும்பாலும் 6 அல்லது 8 மில்லிமீட்டர் ஃபோம், பல பேர் படுத்து முதுகும் இடுப்பும் படுகிற இடத்தில் தட்டையாகிப்போனது. விரித்துப் போட்டுக் கட்டைவிரலால் நடுவிலும் ஓரத்திலும் அழுத்திப் பாருங்கள். ஓரம் எழும்பி நடு எழும்பாவிட்டால் அந்தப் பாயைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். நல்ல பாய் கிடைத்தாலும் ஒன்றின் மேல் ஒன்றாக ரெண்டு போடுங்கள். ஒரு பாய் 300 கிராம்தான் இருக்கும், முதுகுப்பைக்கு வெளியே கட்டிக்கொள்ளலாம். வீட்டில் இருக்கிற பனை ஓலைப் பாயோ கோரைப் பாயோ இந்த வேலைக்கு ஆகாது. அது வெக்கைக்கு ஏற்ற பாய், சூட்டைப் பிடித்து வைக்காது.

ஸ்லீப்பிங் பேக்கில் மூன்று வெப்பநிலை எழுதியிருக்கும்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். கடைக்காரர் பெரும்பாலும் மூன்றில் குறைந்த எண்ணைச் சொல்லித்தான் தருவார். எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் தப்பும் அளவு, தூங்கும் அளவு அல்ல. லிமிட் என்பது குளிர் பழகிய ஆண் உடம்பைச் சுருட்டிக்கொண்டு படுத்தால் தாங்கும் அளவு. நாம் பார்க்க வேண்டியது கம்ஃபர்ட் மட்டும், அதிலும் 5 டிகிரி கூட்டிக்கொள்ள வேண்டும். கம்ஃபர்ட் 10 என்று போட்டிருந்தால் நமக்கு அது 15. ஆக, கொடைக்கானல் உயரத்துக்கு கம்ஃபர்ட் 3 அல்லது அதற்குக் கீழே கேட்டு வாங்குங்கள். வாடகைப் பையில் இன்னொரு சிக்கலும் உண்டு. மாதக்கணக்கில் இறுக்கிச் சுருட்டியே வைத்திருந்தால் பஞ்சு மறுபடி எழும்பாது. டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் அந்த இடங்களில் பஞ்சு விலகிப்போயிருக்கிறது என்று அர்த்தம். கால் பக்கத்தில் அப்படி இருந்தால் கட்டாயம் மாற்றிக் கேளுங்கள்.

படுக்கும்போது காய்ந்த பனியன், காய்ந்த சாக்ஸ், குரங்குக் குல்லா. பகலில் வியர்த்த துணியோடு உள்ளே போனால் எவ்வளவு நல்ல பையும் சூடாகாது. முகத்தைப் பைக்குள் புதைக்காதீர்கள், மூச்சு ஈரம் பஞ்சில் இறங்கி விடியற்காலையில் குளிர் இரட்டிப்பாகும். ஸ்டீல் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, மூடியை இறுக்கி, சாக்ஸுக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டால் மூணு நாலு மணி நேரம் சுகம். பிளாஸ்டிக் பாட்டிலில் இதைச் செய்ய வேண்டாம்.

கூடாரம்

‘ரெண்டு பேர்’ என்று எழுதியிருந்தால் ரெண்டு பேர் தோள் இடிக்கப் படுக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தரை அகலம் பொதுவாக 130, 140 சென்டிமீட்டர். ஒரு பாய் 50 முதல் 60 பிடித்துவிடும். மிச்ச இடத்தில் பை நிற்காது. நாலு பேர் போகிறீர்கள் என்றால் நாலு பேர் கூடாரம் ஒன்றைவிட ரெண்டு பேர் கூடாரம் ரெண்டே நல்லது. மலையில் அகலமான சமதளம் கிடைப்பது கஷ்டம், சுமையும் பிரியும், ஒன்றில் கம்பி ஒடிந்தாலும் இன்னொன்று நிற்கும்.

கடையிலேயே பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். முதலில் வெளிக்கூரைத் துணி. அதன் உள்பக்கத்தில், மடிப்பு விழுந்த இடத்தில், விரலை வைத்து அழுத்தி எடுங்கள். பிசுபிசுவென்று ஒட்டினாலோ, புளித்த வாடை அடித்தாலோ, வெள்ளையாகச் செதில் உதிர்ந்தாலோ அந்தக் கூடாரம் ஆயுள் முடிந்தது. துணியில் தண்ணீரைத் தடுப்பது உள்பக்கம் பூசிய பாலியூரித்தேன் படலம். ஈரத்தோடு மடித்துவைத்தால் அந்தப் படலமே சிதைந்துபோகும். ஸ்பிரே அடித்து இதைச் சரிசெய்ய முடியாது. கடலோர ஈரக்காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும் என்பதால், ராமேஸ்வரம் பக்கம் யாராவது வாங்கி வீட்டில் போட்டுவைத்த கூடாரத்தை இரவல் வாங்குபவர்களும் இதே சோதனையைச் செய்துகொள்ள வேண்டும்.

அடுத்தது கம்பி. இந்த விலைக் கூடாரங்களில் ஃபைபர்கிளாஸ் கம்பிதான் வரும். ஒவ்வொரு துண்டின் முனையையும் பாருங்கள். நீளவாக்கில் மயிரிழை வெடிப்பு இருந்தால் அன்றைக்கே, கூடாரம் அடிக்கும்போதே, அங்கே பிளந்துகொள்ளும். வெறும் கையால் தடவக் கூடாது, சிலாம்பு ஏறினால் எடுப்பது பெரும்பாடு. துணியால் தடவினால் வெடிப்பு நூலைப் பிடித்து இழுத்துக் காட்டிக்கொடுக்கும். உள்ளே ஓடும் எலாஸ்டிக் தொய்ந்து தொங்கினால் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று முழுசாக உட்காராது. பாதி செருகிய நிலையில் வளைத்தால் இரும்புக் குழாயின் விளிம்பு கம்பியை வெட்டிவிடும். கம்பி ஒடிவதற்கு இதுதான் முதல் காரணம். அவசரத்துக்கு ஒரு சாண் நீளத்தில், கம்பியைவிடச் சற்றுப் பெரிய அலுமினியக் குழாய்த் துண்டு ஒன்றும் அகல டேப்பும் கையில் இருக்கட்டும். ஒடிந்த இடத்தில் குழாயை ஏற்றி டேப் சுற்றினால் ஒரு ராத்திரி தாங்கும்.

ஜிப்பை இரண்டு திசையிலும் முழுசாக ஓட்டிப் பாருங்கள். கடற்கரையில் பயன்படுத்திய கூடாரம் என்றால் ஜிப்பை இழுக்கும் ஓடியில் பச்சை பூத்திருக்கும், மணலும் பல்லில் உட்கார்ந்திருக்கும். நல்ல தண்ணீரில் பழைய டூத்பிரஷ் போட்டுத் தேய்த்து, காய்ந்த பிறகு மெழுகுவத்தியை ஒரு தடவை ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இப்போது எல்லோரும் செய்யும் ஒரு காரியத்தைப் பற்றி. கிட் கைக்கு வந்ததும் அரியமான் கடற்கரையிலோ தனுஷ்கோடிப் பக்கமோ அடித்துப் பார்க்க ஆசை வரும். அதை வைத்துக் கூடாரத்தை எடைபோடாதீர்கள். கூடவரும் மெல்லிய கம்பி ஆணி மண்ணுக்காகச் செய்தது. மணலில் கச்சான் காற்று ஒரு இழுப்பு இழுத்தால் உருவிக்கொண்டு வரும், உடனே கூடாரம் மோசம் என்று தோன்றும். மணலில்தான் அடிக்க வேண்டும் என்றால், சின்னத் துணிப்பைகளில் மணலை நிரப்பி, வாயைக் கட்டி, நடுவில் கயிற்றை முடிந்து, ஒரு அடி ஆழத்தில் புதைத்து மேலே மிதித்துவிடுங்கள். மலையில் பிரச்சினை வேறு மாதிரி. இரண்டு அங்குல மண்ணுக்குக் கீழே பாறை இருக்கும், ஆணி வளைந்துவிடும். அங்கே ஆணியைக் குறுக்கே படுக்கப் போட்டு, கயிற்றை அதில் கட்டி, தலை அளவுக் கல்லை மேலே வைக்க வேண்டும். காற்றுக்கு அசையாமல் கூடாரத்தை இழுத்துக் கட்டக் கிட்டில் தரும் காற்றுக்கயிறு பெரும்பாலும் நாலைந்து துண்டுதான், அதுவும் சிக்கலாக. மண்டபத்திலோ பாம்பனிலோ வலைச் சாமான் விற்கும் கடையில் மெல்லிய நைலான் கயிறு 15 மீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முடிச்சுப் போட நம்ம ஊர் ஆட்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

ஒத்திகைக்குச் சரியான இடம் மொட்டைமாடி. ஒரு தடவை வெளிச்சத்தில், ஒரு தடவை இருட்டில் ஹெட்லாம்ப் போட்டுக்கொண்டு அடித்துப் பழகுங்கள். பிறகு உள்ளே ஒருவர் உட்கார, வெளியே ஒருவர் ஒரு குடம் தண்ணீரைத் தையல் ஓரமாக மெதுவாக ஊற்றட்டும். தண்ணீர்த் தட்டுப்பாடான ஊரில் ஒரு குடத்துக்கு மேல் செலவழிக்க வேண்டாம், தையலில் மட்டும் ஊற்றினால் போதும். சொட்டுகிற இடத்தில் பேனாவால் குறி போட்டு, தையல் ஓட்டையை அடைக்கும் சீம் சீலர் பசை தடவி ஒரு நாள் காயவிடுங்கள்.

இனி, கூடாரத்தைப் பற்றி அடிக்கடி வரும் புகார், ‘உள்ளே ஒழுகியது’ என்பது. மழையே பெய்யாத ராத்திரியிலும் இந்தப் புகார் வரும். அது ஒழுகல் இல்லை. தூங்குகிற ஒருவரின் மூச்சிலும் வியர்வையிலும் ஒரு ராத்திரிக்குக் கால் லிட்டர் அளவுக்கு ஈரம் வெளியே வரும். ரெண்டு பேருக்கு அரை லிட்டர். அது குளிர்ந்த கூரைத்துணியில் பட்டுத் துளியாகி, காற்றில் கூடாரம் குலுங்கும்போது மேலே விழும். குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் இழுத்து மூடினால் இது கூடும். மேலே இருக்கும் காற்றுத் திறப்பைத் திறந்தே வையுங்கள். வெளிக்கூரை உள்துணியைத் தொடாதபடி கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். ஒரே துணி மட்டும் உள்ள கூடாரத்தை மலைக்கு வாடகைக்கு எடுக்காதீர்கள், கேட்கும்போதே ‘ரெண்டு அடுக்கா?’ என்று கேட்டுவிடுங்கள்.

முதுகுப்பை

60 லிட்டர் பை வேண்டாம், 45 அல்லது 50 போதும். இடம் இருந்தால் அடைக்கத் தோன்றும். தண்ணீரோடு சேர்த்து மொத்தச் சுமை உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, 60 கிலோ ஆளுக்கு 12 கிலோ. முதல் தடவை என்றால் 10க்குள் நிறுத்துவதே நல்லது. கூடாரத்தை அப்படியே ஒருவர் தலையில் கட்டாமல், துணி ஒருவருக்கும் கம்பி, ஆணி, வெளிக்கூரை இன்னொருவருக்கும் பிரித்துவிடுங்கள்.

மாட்டும் முறையில்தான் சுகமும் துன்பமும். எல்லா வாரையும் தளர்த்தி, பையை மாட்டி, முதலில் இடுப்பு வாரை இடுப்பெலும்பின் மேல் உட்காரவைத்து இறுக்குங்கள், வயிற்றின் மேல் அல்ல. அதன்பிறகு தோள் வார், அப்புறம் தோளுக்கு மேலே பையை முன்னால் இழுக்கும் சின்ன வார், கடைசியில் நெஞ்சு வார். பாரத்தின் பெரும்பகுதி இடுப்பில் இறங்க வேண்டும். கடையில் வெறும் பையை மாட்டிப் பார்த்தால் எல்லாமே நன்றாக இருக்கும், அதனால் அங்கேயே இருக்கும் சாமானைப் போட்டுப் பத்து கிலோ ஏற்றிக் கால்மணி நேரம் நில்லுங்கள். இடுப்பு வாரின் பக்கிள் வழுக்கித் தளர்ந்தால் வேறு பை கேளுங்கள், வாடகைப் பைகளில் அடிக்கடி பழுதாவது அதுதான்.

கூடவரும் மழையுறை முதுகுப் பக்கம் இறங்கும் தண்ணீரைத் தடுக்காது. பைக்கு உள்ளே கழுவிக் காயவைத்த உரச்சாக்கின் பிளாஸ்டிக் உள்ளுறையைப் போட்டு, ஸ்லீப்பிங் பேக்கையும் மாற்றுத்துணியையும் அதற்குள் வைத்து வாயை முறுக்கிக் கட்டுங்கள். ராத்திரிக்கு வேண்டிய இந்த ரெண்டு மட்டும் நனையவே கூடாது.

ஷூ, விளக்கு, அடுப்பு

வாடகை ஷூ பார்க்கப் புதுசாக இருக்கும். உள்ளே இருக்கும் பாலியூரித்தேன் அடித்தளம் வருஷக்கணக்கில் கிடந்தால், கூடாரப் பூச்சுக்கு நடக்கும் அதே கேடு இதற்கும் நடக்கும். நடு வழியில் அடிப்பகுதி அப்படியே கழன்று வரும். அடுத்தவர் பாதத்துக்குப் படிந்த ஷூ கொப்புளம் போடும் என்பது தனி. சொந்தமாக வாங்குங்கள். செருப்பில் நடந்து விரிந்த பாதம் என்பதால் முன்பக்கம் அகலமானதாக, அரை அளவு பெரிதாக. நிற்கும்போது நெடுவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் இறங்கும்போது நகம் முட்டிக் கறுத்துப்போகும். ரெண்டு வாரமாவது தினமும் போட்டு நடந்து பழக்குங்கள்.

ஹெட்லாம்ப் ஆளுக்கு ஒன்று. ஒரு கிட்டுக்கு ஒன்று என்று தருவது ஏற்கத் தக்கதே அல்ல. இருட்டில் ஒருவர் ஒதுங்கப் போனால் மற்றவர் குருடாக உட்கார்ந்திருக்க வேண்டும். 100, 150 லூமன் வெளிச்சம் போதும். பையில் தானாக எரிந்து தீர்ந்துவிடாமல் பேட்டரியைத் திருப்பிப் போட்டு எடுத்துப் போங்கள்.

அடுப்பை எடுக்காததற்குக் காரணங்கள் பல. கேஸ் கேனை ரயிலில் கொண்டுபோக அனுமதியில்லை, ராமேஸ்வரம்–மதுரை வண்டிக்கும் அதே விதிதான். கூடாரத்துக்குள் பற்றவைத்தால் நைலான் உருகும், கார்பன் மோனாக்சைடு மூச்சடைக்கும். காட்டில் நெருப்பு என்ன செய்யும் என்பதற்குக் குரங்கணி இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று பிடித்த தீயில் மலையேற வந்த இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாப்பாடு தரும் முகாமாகப் பாருங்கள், அல்லது சமைக்காத சாப்பாடு கொண்டுபோங்கள். முதல் நாள் மதியத்துக்குப் புளிச்சோறு, ராத்திரிக்கு அவலும் கருப்பட்டியும், நடக்கும்போது கடலைமிட்டாய், பேரீச்சம்பழம். நம்ம பக்கம் கருப்பட்டிக்குப் பஞ்சமில்லை, மாவு போட்ட எனர்ஜி பாருக்கு வீணாகச் செலவழிக்க வேண்டாம். கருவாடு மட்டும் வேண்டாம். வாடை பிடித்துக் காட்டுப்பன்றியும் கரடியும் வரும். எந்தச் சாப்பாட்டையும் படுக்கும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள்.

கிளம்பும் முன்

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் போவதும் கூடாரம் அடிப்பதும் குற்றம். தமிழ்நாடு வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கியது. இணையத்தில் பதிவு செய்து உள்ளூர் வழிகாட்டியோடு போகலாம், ஆனால் அவை பெரும்பாலும் காலையில் ஏறி மாலைக்குள் இறங்கும் நடைகள். ராத்திரி தங்குவதென்றால் அனுமதி பெற்ற தனியார் தோட்ட முகாம்கள், அல்லது கேரள வன வளர்ச்சிக் கழகம் 2,640 மீட்டர் மீசைப்புலிமலைக்கு நடத்துவது போன்ற முகாம்கள். அங்கெல்லாம் கூடாரம் அவர்களே தருவார்கள். ஆகவே கிட்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் முகாமுக்குப் போன் போட்டு, ‘கூடாரம் இருக்கிறதா, பாய் எத்தனை தருவீர்கள், ஸ்லீப்பிங் பேக்கின் கம்ஃபர்ட் அளவு என்ன?’ என்று மூன்றும் கேளுங்கள். பல பேருக்கு அதன்பிறகு கிட்டில் பாயும் பையும் மட்டும்தான் தேவைப்படும், வாடகையும் பாதியாகும்.

உடம்புப் பயிற்சியில் நம்ம ஊருக்கு ஒரு குறை உண்டு. ராமேஸ்வரம் தீவின் உயர்ந்த இடமான கந்தமாதன பர்வதமே ஒரு மணல்மேடுதான். மணலில் நடந்தால் கெண்டைக்கால் இறுகும், மூச்சு பழகும். இறங்கும்போது முட்டிக்கு மேலே தொடையில் விழும் பாரத்துக்கு மணல் பயிற்சி தராது. மறுநாள் பேருந்துப் படியில் கால் வைக்க முடியாமல் போவது இறக்கத்தால்தான். மாடிப்படியில் சுமையோடு ஏறி இறங்குங்கள், இறங்கும்போது மெதுவாக. 600 மீட்டர் ஏற்றம் என்பது சுமார் 3,500 படி. பழனியில் 693 படி என்பதை வைத்து அளவைப் புரிந்துகொள்ளலாம், ஐந்து தடவை பழனி ஏறுவதற்குச் சமம். மாதம் ஒரு முறை மதுரைக்குப் போகிறவர்கள் அழகர்மலையில் நூபுர கங்கை வரை சுமையோடு நடந்து வரலாம்.

நேரத்துக்கு ஒரு கணக்கு: சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம், வரும் மொத்தத்தோடு அதில் பாதியையும் கூட்டிக்கொள்ளுங்கள். 8 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றம் என்றால் நாலு மணி நேரம். தை மாதத்தில் ஆறேகாலுக்கெல்லாம் பொழுது சாயும், நாலு மணிக்கு முகாமில் இருந்தால்தான் வெளிச்சத்தில் கூடாரம் நிற்கும். ஜீன்ஸ், கைலி, பருத்திச் சட்டை நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சும். பாலியெஸ்டர் விளையாட்டுச் சட்டை போதும். மழைக்காலம் என்றால் அட்டைக்கு வாலிநோக்கம் உப்பு ஒரு பிடி சின்னத் துணியில் முடிந்து, நனைத்து, ஷூவின் மேலும் சாக்ஸிலும் தேய்த்துக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் பிய்க்காமல் நகத்தை வாய்ப்பக்கமாக நெருக்கித் தள்ளினால் விட்டுவிடும்.

திருப்பிக் கொடுக்கும்போது

காலையில் மலையில் மடிக்கும் கூடாரம் எப்படியும் ஈரமாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்த அன்றே நிழலில் கொடி கட்டிக் காயப்போடுங்கள். நம்ம ஊர் உச்சி வெயிலில் நாள் முழுக்கப் போட்டால் நைலான் நைந்துபோகும். கடற்கரையிலும் அடித்திருந்தால் முதலில் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். வாங்கும்போதே கம்பி முனை, ஜிப், பக்கிள், பாயின் நடுப்பகுதி இவற்றைக் கடைக்காரர் எதிரிலேயே போட்டோ எடுத்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவையுங்கள். முன்பணத்தில் பிடித்தம் பெரும்பாலும் ஆணி குறைந்ததற்கும் கம்பி வெடித்ததற்கும்தான் வரும், ஆணியை எண்ணி வாங்கி எண்ணிக் கொடுங்கள்.